கோள்மூட்டி கட்டிய கிரேன்

ஜூன் 14

அன்புள்ள அத்தைக்கு,

முதலில் ஒரு சத்தியம் வேண்டும். இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டக் கூடாது. படித்ததும் கிழித்துவிடுங்கள். கிழித்த துண்டுகளை ஒரே குப்பைத்தொட்டியில் போடாதீர்கள், பிரித்துப் போடுங்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நலமாக இருக்கிறீர்களா? துறைமுகத்தில் நீங்கள் ஓட்டுகிற கிரேன் உச்சியில் காற்று அதிகமா? இங்கே அம்மா நலம். அப்பாவும் நலம்தான், ஆனால் அவரை விழித்திருக்கும்போது பார்ப்பது அரிது. குடிநீர் நிலையத்தில் பம்ப் ஆபரேட்டர்கள் குறைந்துபோனதால் இந்த வருடம் முழுக்க அவருக்கு இரவு ஷிப்ட். பகலில் தூங்குகிறார். ஒரு தட்டு கீழே விழுந்தால்கூட அம்மா அந்தத் தட்டை முறைக்கிறாள். நான் நலம், பயத்தைத் தவிர.

பிறந்தநாளுக்கு நீங்கள் அனுப்பிய பச்சை ஸ்வெட்டர் வந்தது. கைகள் மட்டும் முழங்கால் வரை வருகின்றன. எல்லோரும் உங்களைப் போல வளர்வார்கள் என்று நினைத்துவிட்டீர்களா? பார்சல் அட்டையில் இருந்த உங்கள் முகவரியை அம்மா வெட்டி, சமையலறைக் காலண்டருக்குப் பின்னால் செருகியிருக்கிறாள். "எனக்கு ஒண்ணும் தெரியாது, நீயும் எதையும் பார்க்கல" என்றாள். சொல்லும்போதே காலண்டரைக் கையால் தட்டிக் காட்டினாள்.

விஷயத்துக்கு வருகிறேன். யாரிடமாவது சொல்லாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். ராத்திரி அம்மா தூங்கியதும் நான் கோள் வேலையில் இறங்கிவிடுகிறேன். யார் யாரோடு பேசுகிறார்கள், யார் யாரை ஏமாற்றுகிறார்கள், எல்லாவற்றையும் ஒளிந்திருந்து கேட்கிறேன். நான் இருப்பது ஒருவருக்கும் தெரியாது. சும்மாதான் ஆரம்பித்தேன், இப்போது விட முடியவில்லை. அப்பாவுக்குத் தெரிந்தால் தொலைந்தேன். "பத்தாவது முடியற வரைக்கும் படிப்பைத் தவிர வேற ஏதாவது என் கண்ணுல பட்டுச்சு, நேரா ஹாஸ்டல்தான்" என்று சொல்லியிருக்கிறார். அவர் சொன்னால் செய்வார்.

பதிலைக் கீழ்த்தளத்துத் தையற்காரர் கடைக்கு அனுப்புங்கள். அவர் யாரிடமும் சொல்ல மாட்டார். சொல்ல வேண்டும் போல இருந்தால் வாயில் ஊசியைக் கவ்விக்கொள்வார்.

பயத்துடன்,
கொசு
(இது அப்பா வைத்த பெயர். சந்தோஷமாக இருந்தால் மட்டும் கூப்பிடுவார். கேட்டு ரொம்ப நாளாகிறது.)


ஜூன் 27

அன்புள்ள கொசுவுக்கு,

அத்தை எழுதுவது. நான் நலம். முதுகு மட்டும், தானும் இருப்பதை அவ்வப்போது ஞாபகப்படுத்துகிறது. உன் கடிதத்தைக் கிழித்து வெவ்வேறு தொட்டிகளில் போட்டேன். கேண்டீன் தொட்டியில் போடும்போது சமையல்காரர், "என்னம்மா, காதல் கடிதமா?" என்று கேட்டுவிட்டார். இப்போது துறைமுகம் முழுக்க எனக்குக் கல்யாணம்.

சிரித்தது போதும். உன் மேல் எனக்குக் கோபம். ஒட்டுக் கேட்பதே தப்பு, அதில் கோள் வேறா? நான் நாள் முழுக்கக் கண்ணாடிக் கூண்டில், எல்லோர் தலைக்கும் மேலே உட்கார்ந்திருக்கிறேன். கீழே யார் தூங்குகிறார், யார் யாருடைய ஹெல்மெட்டை மாற்றி எடுத்துப் போகிறார், எல்லாம் தெரியும். ஒரு நாளும் யாரிடமும் போய்ச் சொன்னதில்லை. பார்ப்பது வேறு, போய்ச் சொல்வது வேறு.

கோளால்தான் நம் வீடு இரண்டாகப் போனது. அதற்கு மேல் என்னைக் கேட்காதே. ஹாஸ்டலுக்குப் பயந்து இல்லாவிட்டாலும், எனக்காக இந்தப் பழக்கத்தை விடு.

அம்மாவைக் கேட்டதாகச் சொல். மற்றவர்களையும்.

அன்புடன்,
அத்தை


ஜூலை 5

அன்புள்ள அத்தைக்கு,

ஐயோ அத்தை! உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டுத் தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன். முதுகு வலிக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுக்கிறீர்களா? இங்கே எல்லோரும் நலம்.

கோள் என்றால் அந்தக் கோள் இல்லை. வானத்தில் சுற்றுகிற கோள்! எங்கள் அறிவியல் டீச்சர் கிரகம் என்று எழுதினால் மார்க்கைக் குறைப்பார். "கிரகம் உங்களைப் பிடிக்கறது, கோள் சூரியனைச் சுத்தறது" என்பார். அந்தப் பழக்கத்தில் எழுதிவிட்டேன். நான் சொல்ல வந்தது ஒரு கம்ப்யூட்டர் விளையாட்டு. பயத்தில் அதைச் சொல்லவே மறந்துவிட்டேன்.

அதில் ஒரு கோள் இருக்கிறது. மஞ்சள் மண், இரண்டு நிலா. எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் அதில் குடியேறி வீடு கட்டுகிறார்கள், பயிர் வைக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள். காற்று, பாரம், மழை எல்லாம் நிஜத்தில் எப்படியோ அப்படியே. சுவரைக் கோணலாகக் கட்டினால் சாய்ந்துவிடும். நான் மட்டும் குடியேறவில்லை. மேலே ஒரு சின்னக் கப்பலில் சுற்றிக்கொண்டு அவர்களைப் பார்க்கிறேன். கப்பலுக்கு மறைப்புப் போர்வை உண்டு. போர்வைக்குள் இருக்கிற வரை நான் யார் கண்ணுக்கும் தெரிய மாட்டேன், அவர்கள் எழுதிப் பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும். ஆனால் நான் ஒரு வார்த்தை பேசினாலும் போர்வை நழுவிவிடும். கப்பலின் பெயர் வானத்தில் பெரிய எழுத்தில் வரும். ஒருமுறை நழுவினால் நழுவியதுதான், மறுபடி போர்த்த முடியாது. என் கப்பலின் பெயர் கொசு.

வெளிச்சம் தெரியாமலிருக்க நானும் கம்ப்யூட்டரும் சேர்ந்து நிஜப் போர்வைக்குள் இருக்கிறோம். ஆகவே இரட்டைப் போர்வை.

கீழே எனக்கு மிகவும் பிடித்த ஆள் ஒருவர் இருக்கிறார். எல்லோரும் அங்கே ஏதாவது பெயர் வைத்துக்கொள்வார்கள். இவர் பெயர் கோள்மூட்டி. உலை வைத்து இரும்பு உருக்குகிறார், அதனால் கோளுக்கே அடுப்பு மூட்டுகிறவர் என்று நினைத்தேன். உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு இன்னொரு அர்த்தமும் இருக்குமோ என்று தோன்றுகிறது. ஆனால் அவர் யாரைப் பற்றியும் தப்பாக ஒரு வார்த்தை பேசியதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் முள்ளங்கி மட்டும் பயிரிடுவார், பெயரும் முள்ளங்கி. இரண்டு பேரும் பேசுவதைக் கேட்டால் நேரம் போவதே தெரியாது.

இப்போது கோபம் போயிற்றா?

அன்புடன்,
கொசு


ஆகஸ்ட் 9

அன்புள்ள கொசுவுக்கு,

பதில் எழுத நாளாகிவிட்டது. உடம்புக்கு ஒன்றுமில்லை. துறைமுகத்தில் வேலை அதிகம் என்று எழுதலாம், எழுதிவிட்டேன், நம்பிக்கொள்.

கோபமெல்லாம் இல்லை. வயதான காலத்தில் என் தமிழ் எனக்கே துரோகம் செய்கிறது என்று சிரித்துக்கொண்டேன்.

அந்தக் கோள்மூட்டி என்பவர் எப்படி? சும்மாதான் கேட்கிறேன். நிறையப் பேசுவாரா? சிரிக்கிற ஆளா? விடிய விடிய விழித்திருக்கிறாரே, வேளைக்குச் சாப்பிடுகிறாராமா? அந்தப் பெயரை யார் வைத்தார்கள் என்று எப்போதாவது சொன்னாரா? எல்லாம் சும்மாதான்.

ஸ்வெட்டரின் கையை மடித்துப் போட்டுக்கொள். வெட்டிவிடாதே.

அன்புடன்,
அத்தை


ஆகஸ்ட் 17

அன்புள்ள அத்தைக்கு,

நலம்தானே? உங்கள் கடிதத்தைத் தையற்காரர் என் சீருடைப் பாவாடையின் மடிப்புக்குள் வைத்து இரண்டு தையல் போட்டுக் கொடுத்தார். "நான் படிக்கல பாப்பா. ஆனா கவர்ல பசை ரொம்பக் கம்மி, அத்தைகிட்ட சொல்லு" என்றார். தயவுசெய்து பசை நிறையப் போடுங்கள்.

நீங்கள் சும்மா கேட்டதற்கு நானும் சும்மா பதில் சொல்கிறேன். கோள்மூட்டி சிரிக்கிற ஆள்தான். போன வாரம் முள்ளங்கி வீட்டுக் கூரை பறந்தபோது, "காத்தோட்டமான வீடுன்னு வாடகைக்கு விடு" என்றார். சாப்பாட்டைப் பற்றிக் கேட்டீர்களே, வீட்டிலிருந்து டப்பா கொண்டு வருவாராம். முழுதாகச் சாப்பிடாமல் போனால் வீட்டில் திட்டு விழுமாம். நடு நடுவே, "மோட்டார் ஓடுது, வரேன்" என்று எழுதிவிட்டுக் காணாமல் போவார். அவர் உலையில் மோட்டார் எங்கே இருக்கிறது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

பெயரைப் பற்றி முள்ளங்கி ஒருநாள் கேட்டார்.

"ஏன்யா, ஊர்ல வேற பேரே கிடைக்கலையா?"

"சின்ன வயசுல ஒருத்தி வெச்சா. பொருத்தமாத்தான் வெச்சா" என்றார் கோள்மூட்டி.

இப்போது பெரிய செய்தி. அவர் ஒரு கிரேன் கட்டுகிறார்! உங்கள் துறைமுகத்தில் இருப்பது போலவே கோபுரமும் நீளமான ஒற்றைக் கையும். உச்சியில் கண்ணாடிக் கூண்டு, உள்ளே ஒரு நாற்காலி. அந்தக் கோளில் கிரேன் வைத்துத் தூக்க ஒன்றுமே இல்லை, முள்ளங்கியைத் தவிர. கூண்டின் மேல் பெயர்ப்பலகை மாட்டியிருக்கிறார்: ஒட்டடைக்கொம்பு. என்ன பெயர் அத்தை இது? முள்ளங்கி அந்த நாற்காலியில் உட்காரப் போனபோது விடவில்லை.

"அது வர்றவங்களுக்கு."

"யாரு வரப்போறா?"

"வந்தா உக்காருவாங்க."

"வரலைன்னா?"

"துடைச்சு வெப்பேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் ஏனோ வரவில்லை.

அன்புடன்,
கொசு


ஆகஸ்ட் 24

அன்புள்ள கொசுவுக்கு,

உன் கடிதம் கிடைத்த அன்றே எழுதுகிறேன். பசை நிறையப் போட்டிருக்கிறேன், தையற்காரருக்கு என் வணக்கத்தைச் சொல். நான் நலம், ரொம்ப நலம்.

கூண்டில் நாற்காலி எவ்வளவு உயரம்? கால் நீட்ட இடம் விட்டிருக்கிறாரா? நீளமான கால் உள்ளவர்கள் மணிக்கணக்காக உட்கார வேண்டிய இடம். கட்டுகிறவர்களுக்கு அந்த நினைப்பே வராது, தங்கள் குட்டைக் காலை அளவாக வைத்துக் கட்டிவிடுவார்கள். பின்பக்கம் எதிர் எடை வைத்தாரா? ஏணிக்குப் பிடி இருக்கிறதா? ஹாரன் இருக்கிறதா? ஹாரன் இல்லாமல் கிரேன் கிடையாது. பாரத்தைக் கீழே இறக்கும் முன்னால் நான் ஒன்று அடிப்பேன், நிறுத்தி, இரண்டு அடிப்பேன். "நான் வந்துட்டேன், தள்ளி நில்லு" என்று அர்த்தம். பழக்கதோஷத்தில் இப்போது குளியலறைக் கதவைக்கூட அப்படித்தான் தட்டுகிறேன். இங்கே மேனேஜர் அறைக் கதவை நான் தட்டினால் உள்ளே இருக்கிறவர்கள் நாற்காலியை ஓரமாக இழுத்துக்கொள்வார்கள்.

ஒட்டடைக்கொம்பு நல்ல பெயர்தான். உயரமாக, ஒல்லியாக இருக்கிற பெண்பிள்ளைகளை வீட்டில் அப்படிக் கிண்டல் செய்வது உண்டு. எனக்கு அதில் வருத்தமில்லை. அதாவது, யாருக்கும் இருக்காது.

நீ பேசிவிடாதே. போர்வைக்குள்ளேயே இரு. எல்லாவற்றையும் பார்த்து எனக்கு எழுது.

அன்புடன்,
அத்தை


செப்டம்பர் 8

அன்புள்ள அத்தைக்கு,

நலமா என்று கேட்கக்கூடப் பொறுமை இல்லை. கேட்டுவிட்டேன். நான் நலமில்லை.

நேற்று அப்பா சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டுப் போனார். அம்மா என்னிடம் கொடுத்து அனுப்பினாள். குடிநீர் நிலையத்துக்குள் நான் போனதே இல்லை. பச்சைப் பெயின்ட் அடித்த பெரிய குழாய்கள், தரை முழுக்க அதிர்வு, எண்ணெய் வாடை. ஒரு சின்ன அறையில் அப்பாவின் மேஜையும் கம்ப்யூட்டரும். அழுத்தமானிகளை வரிசையாக மாட்டிய சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. அப்பாவின் சாய்ந்த கையெழுத்து. ஒரு கிரேன் படம். கூண்டின் மேல் ஒட்டடைக்கொம்பு என்று எழுதியிருந்தது.

அப்பா டப்பாவை வாங்கிக்கொண்டு, "ஏன் இப்படி மூச்சு வாங்குது?" என்றார். நான், "படி ஏறி வந்தேன்" என்றேன். அங்கே படியே இல்லை. அதற்குள் ஏதோ மணி அடித்தது. "மோட்டார் ஓடுது, வரேன்" என்று எழுந்து ஓடினார்.

அத்தை, கோள்மூட்டி என் அப்பா! இத்தனை மாதமாக நான் ஒளிந்திருந்து பார்த்தது என் அப்பாவை! வீட்டில் 'ம்', 'சரி', 'படி' என்று மூன்று வார்த்தை பேசுகிறவர், அங்கே ஒரு ராத்திரி முழுக்க முள்ளங்கியைப் பற்றிப் பாட்டுக் கட்டுகிறார். அவர் அப்படிப் பாடுவது எனக்குத் தெரியும் என்று அவருக்குத் தெரியாது. கொசு என்ற பெயர் வானத்தில் வந்தால் அவருக்கு ஒரு நொடி போதும். ஹாஸ்டல்தான்.

உங்களுக்கு முன்பே தெரியுமா? பெயரை எழுதிய அன்றே தெரிந்துவிட்டதா? அதனால்தான் அவ்வளவு நாள் பதில் வரவில்லையா? ஒட்டடைக்கொம்பு நீங்கள்தானே? கண்ணாடி முன்னால் நின்று யோசித்தேன், ஸ்வெட்டரின் கையைப் பார்த்ததும் புரிந்துவிட்டது.

இன்னொன்று. இந்த மாதக் கடைசியில் கோளில் மஞ்சள் புயல் வருகிறது. மேலே இருந்து பார்த்தால் இப்போதே ஓரத்தில் சுருண்டு நிற்கிறது. அப்பா கிரேனுக்குப் பாதுகாப்பு ஏற்பாடு செய்கிறார். அதன் கையை நாலு பக்கமும் கயிறு போட்டு இறுக்கிக் கட்டிவிட்டார். "இனி ஒரு அங்குலம் அசையாது" என்று முள்ளங்கியிடம் பெருமை. இது சரிதானா?

நடுக்கத்துடன்,
கொசு


செப்டம்பர் 16

அன்புள்ள கொசுவுக்கு,

அத்தை நலம். உன் கேள்விகளில் கடைசிக் கேள்விக்கு மட்டும் இப்போது பதில் சொல்கிறேன்.

சரியில்லை. அது மகா தப்பு. புயல் வந்தால் எங்கள் வேலையில் ஒன்றுதான் சட்டம்: இறங்கும் முன் கிரேனின் கையை அவிழ்த்துவிட்டு இறங்க வேண்டும். காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறதோ அந்தப் பக்கம் அது தானாகத் திரும்பி, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். கட்டிப் போட்டால் திரும்ப முடியாது, மொத்தக் காற்றையும் நெஞ்சில் வாங்கும், அடியோடு சாயும். பார்க்கிறவர்களுக்கு அவிழ்த்துவிட்டதுதான் ஆபத்தாகத் தெரியும். உன் அப்பா நல்லதுக்குத்தான் கட்டியிருப்பார். அவர் எப்போதும் நல்லதுக்குத்தான் கட்டுவார். நான் கிரேன் பயிற்சிக்கு யாருக்கும் தெரியாமல் விண்ணப்பம் போட்டதை அவர் வீட்டில் போய்ச் சொன்னதுகூட, உயரத்திலிருந்து நான் விழுந்துவிடுவேன் என்ற பயத்தில்தான். அது எனக்கு அன்றைக்கே தெரியும். தெரிந்ததனால் கோபம் குறைந்துவிடுமா என்ன?

ஆனால் நீ பேச வேண்டாம். சொன்னால் உன் கப்பலின் போர்வை போய்விடும், உன்னை ஹாஸ்டலில் போடுவார். ஒரு விளையாட்டுக் கிரேன்தானே, விழுந்தால் விழட்டும். உட்கார ஆள் வராத நாற்காலிதானே.

மேனேஜரிடம் ஒரு விஷயம் கேட்டிருக்கிறேன். அடுத்த கடிதம் தாமதமானால் பயப்படாதே.

அன்புடன்,
அத்தை

பி.கு. நாலு கயிற்றில் எதை முதலில் அவிழ்ப்பது என்று யாராவது கேட்டால்: காற்று வருகிற பக்கத்துக் கயிற்றைக் கடைசியாக. சும்மா சொல்லி வைத்தேன்.


செப்டம்பர் 27

அன்புள்ள அத்தைக்கு,

நீங்கள் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் போர்வை இல்லாமல் எழுதுகிறேன். இனி அது எதற்கு?

நேற்று ராத்திரி புயல் வந்தது. மேலேயிருந்து பார்த்தால் பாதிக் கோளைக் காணோம். கீழே எல்லோரும் நிலவறைக்குள் ஓடிக்கொண்டிருந்தார்கள். முள்ளங்கி, "வாய்யா உள்ள, கிரேன் போனா போகுது!" என்று கத்தினார். அப்பா போகவில்லை. ஐந்தாவதாக ஒரு கயிற்றை எடுத்துக்கொண்டு கிரேனை நோக்கி ஓடினார். கிரேன் ஏற்கெனவே முனக ஆரம்பித்திருந்தது. அந்த விளையாட்டில் இரும்பு முறியும் முன் அப்படித்தான் சத்தம் வரும்.

நீங்கள் பேசாதே என்றுதான் எழுதியிருந்தீர்கள். எனக்கும் பேசத் தைரியம் இல்லை. ஹாஸ்டல் கட்டில், ஹாஸ்டல் சாப்பாடு, எல்லாம் கண் முன்னால் வந்தன. ஆனால் அந்த நாற்காலியை அவர் தினமும் துடைப்பதை நான் பார்த்திருக்கிறேன். நீங்கள் பார்க்கவில்லை. அதனால்தான் விழுந்தால் விழட்டும் என்று உங்களால் எழுத முடிந்தது.

கண்ணை மூடிக்கொண்டு தட்டினேன்: "கட்டாதீங்க. அவிழ்த்து விடுங்க."

போர்வை நழுவியது. மஞ்சள் வானத்தில் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை, கொசு.

"ஐயையோ! வானத்துல கொசு!" என்றார் முள்ளங்கி.

அப்பா அப்படியே நின்றுவிட்டார். அவருடைய உருவம் தலையைத் தூக்கி மேலே பார்த்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஹாஸ்டல் என்று எழுதப்போகிறார் என்று காத்திருந்தேன்.

"அவிழ்த்தா கை சுத்துமே" என்று எழுதினார்.

"சுத்தணும். அப்பதான் நிக்கும்."

"யார் சொன்னது?"

"ஓட்டறவங்க."

அவர் ஐந்தாவது கயிற்றைக் கீழே போட்டார். "எதை முதல்ல?" என்றார். உங்கள் பின்குறிப்பைச் சொன்னேன். மூன்று கயிறு அவிழ்ந்தது. நாலாவதன் முடிச்சு இறுகிவிட்டது. முள்ளங்கி நிலவறையிலிருந்து கோடாரியோடு ஓடி வந்து, "நீ முடிச்சுப் போடற லட்சணம் தெரிஞ்சதுதானே!" என்று திட்டிக்கொண்டே ஒரே வெட்டு.

அத்தை, கை எப்படித் திரும்பியது தெரியுமா! அவ்வளவு நேரம் முனகியது சத்தத்தை நிறுத்திவிட்டு, மெதுவாகச் சுற்றி, காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. விடியும் வரை அப்படியே நின்றது. முள்ளங்கி வீட்டுக் கூரை மறுபடி போயிற்று. அதைத் தவிர எல்லாம் நலம்.

கடைசியில் அப்பா, "கொசு, தூங்கலையா?" என்று எழுதினார்.

"இதோ தூங்கறேன்பா."

"ம்" என்றார். அப்புறம், "மோட்டார் ஓடுது, வரேன்." ஆனால் சற்று முன்புதான் மோட்டாரை நிறுத்தியதாக முள்ளங்கியிடம் சொல்லியிருந்தார்.

காலையில் வீட்டுக்கு வந்தார். சாப்பிட்டார். என்னைப் பார்த்து, "கொசு, கண்ணு ஏன் சிவந்திருக்கு?" என்றார். அம்மா, "படிச்சிருப்பா" என்றாள். "ம். படிச்சிருப்பா" என்றார். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

பதில் எழுதுங்கள், சீக்கிரம்.

கொசு


அக்டோபர் 6

அன்புள்ள அத்தைக்கு,

இதையும் யாரிடமும் காட்டாதீர்கள். நலமா? உங்களிடமிருந்து ஒரு வரிகூட இல்லை. தையற்காரரைத் தினமும் கேட்கிறேன். "வரல பாப்பா" என்று சொல்லிவிட்டு ஊசியைக் கவ்விக்கொள்கிறார். அவருக்கு ஏதோ தெரிந்திருக்கிறது.

என் கதை முடிந்தது. ஒவ்வொன்றாகச் சொல்கிறேன், நீங்களே பாருங்கள்.

காலண்டருக்குப் பின்னால் இருந்த உங்கள் முகவரி அட்டையைக் காணோம். அம்மாவைக் கேட்டேன். "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்லி, அப்பாவின் சட்டைப்பையைக் கண்ணால் காட்டினாள். நாம் எழுதிக்கொள்வது அவருக்குத் தெரிந்துவிட்டது. உங்களையும் திட்டி எழுதியிருப்பார். அதனால்தானே நீங்கள் எழுதவில்லை?

இன்றைக்கு அப்பாவுக்கு விடுமுறை. தூங்கவில்லை. நல்ல சட்டையைத் தையற்காரரிடம் கொடுத்துப் பட்டன் தைத்து, இஸ்திரி போட்டு வாங்கினார். "உங்கப்பா இத்தனை வருஷத்துல இன்னைக்குத்தான் கண்ணாடி இருக்கான்னு கேட்டார்" என்று தையற்காரர் சொன்னார். ஹாஸ்டல் வார்டனைப் பார்க்கத்தான் அப்படிப் போவார்கள், இல்லையா?

சாயங்காலம் அம்மா என் அறையில் இன்னொரு கட்டில் போட்டாள். நீளமான கட்டில். அதற்குப் புது விரிப்பு. நான் போனதும் என் அறையை வாடகைக்கு விடப்போகிறார்கள். நான் இன்னும் போகவேயில்லை, அதற்குள் ஆள் பார்த்துவிட்டார்கள். அம்மா பாட்டு வேறு பாடிக்கொண்டிருந்தாள். பெற்ற மனம் எப்படிப் பாடுகிறதோ!

இருட்டிய பிறகு அப்பா கிளம்பினார். "ரயில் லேட்டாம், முழிச்சிருக்காதீங்க" என்று அம்மாவிடம் சொன்னார். வாசலில் நின்று, "கொசு, அந்த நாற்காலி, கால் நீட்ட இடம் போதுமா?" என்று என்னைக் கேட்டார். கிரேனைப் பற்றி வீட்டில் அவர் பேசியது இதுதான் முதல் தடவை. நான் தலையை மட்டும் ஆட்டினேன். வார்டனைப் பார்க்கப் போகும்போது எதற்கு இந்தக் கேள்வி?

போன மாதம் அனுப்பிய கடிதத்தில் உங்களிடம் கொஞ்சம் கோபமாகப் பேசிவிட்டேனோ என்று கவலையாக இருக்கிறது. நீங்கள் வந்து அப்பாவிடம் ஒரு வார்த்தை சொன்னால் நான் தப்பிப்பேன். ஆனால் நீங்கள் இந்த வீட்டுப் படி ஏற மாட்டீர்கள் என்று எல்லோருக்கும் தெரியும். ஹாஸ்டல் முகவரி கிடைத்ததும் எழுதுகிறேன். அங்கே தையற்காரர் இருக்க மாட்டார், ஆகவே பசையை

கதவு தட்டுகிறார்கள். அப்பா இல்லை. அவரிடம் சாவி இருக்கிறது, அவர் தட்டவே மாட்டார். அம்மா எழுந்து ஓடுகிற சத்தம் கேட்கிறது.

மறுபடியும் தட்டுகிறார்கள். ஒன்று. நிறுத்தி, இரண்டு.

அத்தை, இது நீங்க